இறங்கி நின்றோம் என்று நான் சொன்னது

நம் வயதுக்காரர்கள் சைக்கிளில் போவதைக் கவனித்திருக்கிறேன். பின்னால் ஒரு மோட்டார் காடி ஹார்ன் அடித்தால் இந்தக் காலத்துப் பையன்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நமக்கு மட்டும் இடது கால் மிதிகட்டையை விட்டுவிட்டுத் தரையைத் தேடுகிறது. போன மாதம் பத்து பாகாட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு அப்படி ஆயிற்று. ஹார்ன் அடித்தது ரொட்டி விற்கிற வேன். நான் இறங்கி, ஓரத்தில் நின்று, தொப்பியையும் கையில் எடுத்துக்கொண்டேன். ரொட்டிக்காரன் வண்டியை நிறுத்தி, “என்னா ஐயா, ரொட்டி வேணுமா?” என்றான். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு ரொட்டி இருந்தது.

சிலர் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். சிலருக்குத் தங்கள் காலின் ஞாபகம் வரும். அந்தச் சிலருக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ரெங்கத்துக்கு ஐந்து மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கரும்பலகையில் அவர் கடைசியாக எழுதிய கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. ஆடுகள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன. பள்ளிக்கூடம் மூடினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் என்று நினைப்பீர்கள். மறுநாள் விடியற்காலையிலேயே, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் எங்கள் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள், புல்லு வெட்டுவதற்கு.

அப்பா கங்காணியிடம் போனார். “இவன் என்கூட தப்பாலுக்கு வரட்டுங்க. எனக்கு ஒரு கண்ணு சரியில்லேன்னு உங்களுக்கே தெரியும்” என்றார்.

அப்பாதான் தோட்டத்துத் தப்பால்காரர். காலையில் ஆபீசில் பூட்டுப் போட்ட கித்தான் பையை வாங்கிக்கொண்டு ரெங்கம் ரயில் நிலையத்துக்குப் போவார். ரயில் வந்ததும் அங்கிருந்து கடிதங்கள், துரையின் பேப்பர், ஆஸ்பத்திரிக்கு மருந்து எல்லாம் வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவார். அதற்கு முன் ரப்பர் பால் ஸ்டோரில் வேலை செய்தார். அங்கே பாலை உறைய வைக்கிற திராவகம் தெறித்து வலது கண் பழுதாகி, இடது கண்ணும் மங்கிவிட்டது. கொஞ்ச தூரத்துக்கு அப்பால் எல்லாமே அவருக்குப் புகைக்குள் இருப்பது போலத் தெரியும். சைக்கிள் மிதிக்க அது போதும். ஆனால் தூரத்தில் வருகிற காடி யாருடையது என்று தெரியாது. அதுதான் பெரிய பிரச்சினை.

ஏன் பிரச்சினை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிராணி பெரட்டுக்களத்தில் நின்று அந்தச் சட்டத்தைச் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது.

“தொரை காடி எதிர்ல வந்தாலும் சரி, பின்னால வந்தாலும் சரி, சைக்கிள்ல இருக்கிறவன் எறங்கணும். கொடையை மடக்கணும். தலைத்துண்டை எடுக்கணும். சைக்கிளைக் காடிப் பக்கமா திருப்பிப் புடிச்சிக்கிட்டு மொகத்தைக் காட்டி நிக்கணும். முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா அது நின்ன கணக்கில்ல.”

இது தோட்டத்து ரோட்டுக்கான சட்டம். தோட்டத்து வாசலைத் தாண்டி ரெங்கம் போகிற பொது ரோட்டிலும் இது உண்டா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதைவிட இறங்குவது சுலபம்.

சைக்கிள் அப்பாவுடையது. ஊருக்குப் போன ஒரு சின்னக் கிராணியிடம் வாங்கியது. முன் கம்பியில் எனக்காக அப்பா ஒரு பிரம்பு இருக்கை கட்டினார். அது தொடையைக் கிள்ளும். இறங்கும்போது பிரம்பின் கோடுகள் தொடையில் பதிந்திருக்கும். அப்பாவின் மூச்சு என் உச்சந்தலையில் படும். மேட்டில் ஏறும்போது அந்த மூச்சில் பச்சை வெற்றிலை வாசம் வரும். கைப்பிடியில் ஒரு வெள்ளை பெல். அதன் மூடியில் என் முகம் அகலமாகத் தெரியும், மூக்கு மட்டும் பூசணிக்காய் அளவுக்கு. ரெங்கம் போய் வருகிற பத்து மைலும் நான் என் மூக்கைப் பார்த்துக்கொண்டே போய் வந்தேன் என்றால் தப்பில்லை.

ஆரம்பத்தில் என்னைக் கூட்டிப்போனது புல்லு வெட்டிலிருந்து தப்பிக்க மட்டும்தான். ஒருநாள் பொது ரோட்டில் கறுப்புக் காடி ஒன்று வந்தது. அப்பா அவசரமாக இறங்கினார். சைக்கிளைத் திருப்பி, துண்டை எடுத்து நின்றார். காடி மெதுவாகப் பக்கத்தில் வந்தது. உள்ளே ஒரு சீனத் தவுக்கே, ஏதோ கடை முதலாளி, பனியனோடு, மடியில் இரண்டு வாத்து. அவர் அப்பாவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். வாத்துகளும் கத்தின. காடி போன பிறகும் அப்பா துண்டைத் தலையில் கட்டாமல் நின்றார். பிறகு, “உனக்குக் காது நல்லா கேக்குமில்ல?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து என் காதுதான் அப்பாவின் கண். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சத்தம். துரையின் காடி தையல் மிஷின் ஓடுவது போல வரும். சின்னத் துரையின் மோட்டார் சைக்கிள் தகரத்தில் கல் விழுவது போல. ரப்பர் வாங்குகிற இன்னொரு தவுக்கேயின் லாரி இருமிக்கொண்டே வரும். மேட்டில் இருமல் அதிகமாகும். நான் கேட்டுச் சொல்வேன். “தொரைப்பா” என்றால் அப்பா இறங்குவார். “லாரிப்பா” என்றால் இடது ஓரத்துக்குப் போய் மிதித்துக்கொண்டே இருப்பார். லாரி எங்களைத் தாண்டிப் போகும்போது அப்பா ஒரு கையை விட்டு லாரிக்காரனுக்குச் சலாம் வைப்பார், சமமான ஆளுக்கு வைப்பது போல. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

துரையின் காடியில் எப்போதும் துரை இருப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் டிரைவர் மாத்திரம் ரெங்கத்துக்குப் போய் ரயிலில் வருகிற ஐஸ் கட்டியை ஏற்றி வருவார். டிரைவரும் நம் ஆள்தான். எங்கள் லயத்து வீடுகளுக்கு அடுத்த வரிசை லயம். நான் மாமா முறை சொல்லிக் கூப்பிடுவேன். ஒருநாள் காடியில் துரை இல்லை என்று நானே பார்த்துச் சொன்னேன். அப்பா இறங்கவில்லை. டிரைவர் மாமா காடியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

“என்னாப்பா, கண்ணு ரெண்டும் போயிடுச்சா?”

“தொரை இல்லீங்களேண்ணே.”

“காடி காடிதான். உள்ள தொரை இருந்தா என்னா, ஐஸ் கட்டி இருந்தா என்னா? நீ எறங்கித்தான் ஆகணும்.”

அப்பா இறங்கினார். நானும் இறங்கினேன். ஐஸ் கட்டி மரத்தூளுக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்து போயிற்று. காடிக்குக் கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டு போனதைப் பார்த்தேன். ஐஸுக்கும் மரியாதை செய்ய வேண்டும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. அதுவரை நான் ஐஸைத் தொட்டதில்லை.

ரெங்கம் பாசார் தொடங்குகிற இடத்தில் ஒரு மாத்தா-மாத்தா, அதாவது போலீஸ்காரர், நிற்பார். மலாய்க்காரர். காக்கிக் கால்சட்டை, காலில் நீலப் பட்டி, கையில் எண்ணெய்த்தாள் குடை. தோட்டங்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவர். அதனால் நம் பேச்சும் அவருக்கு வரும், உடைந்து உடைந்து. முதல் நாள் எங்களை நிறுத்தினார்.

“ஒரு சைக்கிள், ரெண்டு தலை. தா போலே! கூடாது. எறங்கு, எறங்கு.”

அதன் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு தானாக ஏற்பட்டுவிட்டது. பாசாருக்கு முன்னால் இருக்கிற தென்னை மரத்தடியில் நான் இறங்கிவிடுவேன். அப்பா மிதித்துப் போவார். நான் மாத்தா-மாத்தாவைத் தாண்டி நடப்பேன். கடைசிக் கடையைத் தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்வேன். அவருக்கு இது தெரியும். நான் ஏறுகிற நேரத்தில் குடையை அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொள்வார். சில நாள் அப்பாவை நிறுத்தி, பின்சக்கரத்து நம்பர் தகரத்தைப் பார்ப்பார், விளக்கைத் தட்டிப் பார்ப்பார். கடைசியில் பெல்லை இரண்டு தடவை அடிப்பார். சோதனைக்காக இல்லை. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது.

“சின்ன தம்பி, இன்னிக்கும் நடை? கால் பெருசு ஆகும், சைக்கிள் வேணாம்” என்பார்.

ஆக, துரைக்கு இறங்க வேண்டும், ஐஸுக்கு இறங்க வேண்டும், மாத்தா-மாத்தாவுக்கு நான் மட்டும் இறங்க வேண்டும், லாரிக்கு இறங்க வேண்டாம். ஒன்பது வயதில் உலகத்தின் சட்டம் எனக்கு இவ்வளவுதான். இறங்கியவனுக்கு ஒன்றும் ஆகாது. இறங்காதவன் குற்றவாளி.

அது மழைக்காலம். அன்று காலையிலிருந்தே பிசுபிசுவென்று தூறல். ரப்பர் இலைகளில் விழுந்து விழுந்து, மழை ஓய்ந்த பிறகும் மரங்கள் தங்கள் பங்குக்குப் பெய்துகொண்டிருந்தன. ரெங்கத்தில் பையை வாங்கிக்கொண்டு திரும்பினோம். பாசாரை விட்டு அரை மைலில் ஒரு நீளமான செம்மண் ஏற்றம். அதில் பாதியில் இறங்கினால் மறுபடி ஏற முடியாது. உச்சிவரை தள்ளித்தான் போக வேண்டும். அப்பா முழு மூச்சோடு மிதித்துக்கொண்டிருந்தார். பாதி ஏற்றம் தாண்டிவிட்டது. பின்னால் சத்தம் கேட்டது.

“என்ன வண்டிடா?”

நான் கேட்டேன். மழைச் சத்தம், அப்பாவின் மூச்சு, சங்கிலி கரகரப்பது, இவற்றுக்குள் ஒரு வண்டி. அது இருமியது போல இருந்தது.

“லாரிப்பா. எறங்க வேணாம்.”

இந்த இடத்தில் நான் எத்தனையோ வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு அது லாரியாகக் கேட்டதா, லாரியாக இருந்தால் நல்லது என்று கேட்டதா? தொடை வலித்தது. சேற்றில் இறங்க எனக்கு இஷ்டமில்லை. அப்பா பாவம் என்றும் இருந்தது. இவற்றில் எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அப்பா இடது ஓரத்துக்குப் போனார். ஹார்ன் ஒருதரம் கேட்டது. அப்பா சலாம் வைக்க வலது கையை எடுத்தார். அப்போதுதான் காடி எங்களை உரசியது. துரையின் காடி. உள்ளே துரை இல்லை, டிரைவர் மாமா மட்டும்; அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. குறைக்க வேண்டிய தேவை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. சைக்கிளில் இருக்கிற எவனும் இறங்கிவிடுவான், ரோடு காலியாகிவிடும், அப்படித்தான் அவர் ஓட்டிப் பழகியிருந்தார்.

நாங்கள் கால்வாய்க்குள் கிடந்தோம். என் தாடை கிழிந்து ரத்தம் சட்டையில் இறங்கியது. பின்சக்கரம் எட்டுப் போல வளைந்துவிட்டது. பையின் பூட்டு தெறித்து, கடிதங்கள் செம்மண் தண்ணீரில் மிதந்தன. அப்பா ஒரு கையால் கடிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மறுகை மணிக்கட்டுக்குக் கீழே வேறு யாருடைய கையோ போலத் தொங்கியது.

எனக்கு அழுகை வரவில்லை. என் மனதில் ஒரே ஒரு எண்ணம்தான் ஓடியது: நாங்கள் இறங்கவில்லை. தெரிந்துவிட்டது. அதனால்தான் இப்படி ஆயிற்று.

யாரோ போய்ச் சொல்லி மாத்தா-மாத்தா ஓடி வந்தார், குடை இல்லாமல். ரோட்டில் இருந்த சக்கரத் தடத்தைக் குனிந்து பார்த்தார். காடியை நிறுத்தி இறங்கி வந்திருந்த டிரைவர் மாமா அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

“இவங்க சைக்கிளைக் குறுக்கப் போட்டுக்கிட்டு நடு ரோட்டுல நிக்கிறாங்க. ஏத்தத்துல நான் எப்பிடி நிறுத்துறது?”

மாத்தா-மாத்தா அவரைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார். “தம்பி, இது தோட்டம் ரோடு இல்லே. ராஜா ரோடு. ஓரமா போனா நீ சரி, அவன் பிழை. நீ உண்மை சொல்லு. நான் எழுதுவேன்.”

போலீஸ் நிலையம் கட்டைக் கால்கள் மேல் நிற்கிற மர வீடு. பித்தளை துலக்கிய வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் கலந்து வந்தது. அப்பாவையும் டிரைவர் மாமாவையும் உள்ளே சார்ஜனிடம் கூட்டிப்போனார்கள். என்னை வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்து, தாடையில் துணி கட்டி, ஒரு கோப்பை காப்பித் தண்ணி கொடுத்தார்கள். துணி இறுக்கத்தில் என்னால் குடிக்க முடியவில்லை. கையைச் சூடுபண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாத்தா-மாத்தா வெளியே வந்தார். என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“சின்ன தம்பி, பயம் வேணாம். காடி வந்துச்சு. அப்போ நீங்க சைக்கிள் மேலேயா, கீழேயா?”

“கீழ.”

“கீழே?”

“எறங்கிட்டோம். காடி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே எறங்கிட்டோம்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நல்லா யோசி. உன் அப்பா எறங்கலே சொல்றான். இடது பக்கம் ஓரமா மிதிச்சேன் சொல்றான். நீ எறங்கினோம் சொல்றே. யாரு பொய்?”

அப்பா ஏன் அப்படிச் சொன்னார்? இறங்கவில்லை என்று தானே போய் ஒப்புக்கொண்டுவிட்டாரா? வலியில் உளறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். நான் விட்டுக்கொடுத்தால் அவரைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். இந்த மாத்தா-மாத்தா நல்லவர் போலப் பேசி என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறார்.

“அப்பாக்குத் தலையில அடி. மறந்துட்டாரு” என்றேன்.

சார்ஜன் எழுந்து வாசலுக்கு வந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து மலாயில் கேட்டார், எப்படி நின்றீர்கள், காட்டு என்று. படிக்குக் கீழே மாத்தா-மாத்தாவின் சைக்கிள் சாய்ந்திருந்தது. நான் இறங்கிப் போய் அதைப் பிடித்தேன். என் உயரத்துக்கு அது பெரியது. இருந்தாலும் பெரிய கிராணி சொன்ன மாதிரி ஒன்றுவிடாமல் செய்து காட்டினேன். சைக்கிளைத் திருப்பினேன். முன்சக்கரம் காடி போகிற நடு ரோட்டுப் பக்கம். தாடையில் கட்டிய துணியைத் தலைத்துண்டாக நினைத்துத் தொட்டுக் காட்டினேன். முகத்தைக் காட்டி நின்றேன். சைக்கிள் ரோட்டுக்குக் குறுக்கே இருந்தது.

டிரைவர் மாமா சொன்னதும் அதையேதான்.

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். காப்பாற்றிவிட்டேன் என்று சொல்வதற்காக. தாடை வலித்ததால் சிரிப்பு சரியாக வந்ததா என்று தெரியாது.

மாத்தா-மாத்தா சார்ஜனிடம் என்னவோ சொல்லிப் பார்த்தார். பயந்துபோன பிள்ளை என்றார். சக்கரத் தடம் ஓரத்தில் இருக்கிறது என்றார். சார்ஜன் புத்தகத்தை மூடினார். “சின்னப் பிள்ளை பொய் சொல்லாது” என்றார். மலாயில்தான் சொன்னார், எனக்குப் புரிந்தது.

வெளியே காடிக்குப் பக்கத்தில் டிரைவர் மாமா என்னைக் கூப்பிட்டார். பின் கதவைத் திறந்து, சாக்கை விலக்கி, ஐஸ் கட்டியின் முனையை ஸ்பேனரால் தட்டி ஒரு துண்டு உடைத்தார்.

“இந்தா, தாடையில வச்சிக்க. நல்ல புள்ள. உள்ளதச் சொன்னே.”

நான் சொன்னது பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் உண்மை என்கிறார். அப்பா உண்மை சொன்னார். அவரைப் பொய்யன் என்று எழுதிவிட்டார்கள். கையில் ஐஸ் சுட்டது. குளிர்ந்த பொருள் எப்படிச் சுடும் என்பது இன்னொரு குழப்பம். கீழே போடலாமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டே நின்றேன்.

மாத்தா-மாத்தா வந்து என் சட்டைப் பையில் எதையோ போட்டார். பெல்லின் மூடி. கால்வாயிலிருந்து எடுத்துக் கழுவியிருந்தார். அன்று அவர் அதைச் சுண்டிப் பார்க்கவில்லை.

ரெங்கத்து ஆஸ்பத்திரி டிரெசர் அப்பாவின் கையில் கட்டை வைத்துக் கட்டினார். தோட்டத்துக்குத் திரும்ப மாத்தா-மாத்தா தவுக்கேயின் லாரியை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார். வளைந்த சைக்கிள் ரப்பர் பாளங்களுக்கு மேலே கிடந்தது. லாரி கிளம்பியது. நான் அதன் சத்தத்தைக் கேட்டேன். மேட்டில் அது இருமியது. அப்பாவும் கேட்டிருப்பார். துரையின் காடிக்கும் அதற்கும் கொஞ்சம்கூட ஒற்றுமை இல்லை. லாரிக்காரன் அப்பாவிடம், “எப்பிடி ஆச்சு?” என்று மலாயில் கேட்டான். அப்பா, “வழுக்கிடுச்சு” என்றார். என் கையில் ஐஸ் தண்ணீராகி, தண்ணீரும் போய், விரல்கள் மட்டும் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

மறுநாள் ஆபீசுக்கு முன்னால் பெரிய கிராணி அப்பாவை நிற்கவைத்துப் பேசினார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கடுதாசி நனைஞ்சது போவட்டும். மழைன்னு சொல்லிடலாம். தொரை காடிக்கு நான் எறங்கலன்னு நீயே போலீஸ்ல போயி வாக்குமூலம் குடுத்தியாமே? எவ்வளவு நெஞ்சழுத்தம்! உம் புள்ளைக்குத் தெரிஞ்ச மரியாத உனக்குத் தெரியலியே.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெரிய கிராணி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வாழ்க்கையில் பெரிய ஆட்கள் என்னைப் பார்த்து மெச்சித் தலையசைத்தது அந்த ஒரு தடவைதான்.

தப்பால் பை வேறொருவர் கைக்குப் போயிற்று. கட்டு அவிழ்த்த பிறகு அப்பாவின் மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைந்து கூடியிருந்தது. அந்தக் கையோடு புல்லு வெட்டுக்கு வந்தார். நானும் வந்தேன். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருவரும் வெட்டினோம். சைக்கிள் லயத்துக்குப் பின்னால் கிடந்தது; கோழி ஒன்று பிரம்பு இருக்கையில் முட்டையிட்டது.

வீட்டில் அம்மா ஒருநாள், “புள்ளைய ஏசாதீங்க” என்றார்.

“நான் எப்ப ஏசுனேன்?” என்றார் அப்பா.

உண்மைதான். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். லாரி என்று சொன்னது நான், அதை மறைக்கத்தான் இறங்கினோம் என்று சொன்னேன், உங்களைக் காப்பாற்றத்தான் சொன்னேன். ரப்பர் காட்டில் புல்லு வெட்டும்போது ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “அப்பா, அன்னிக்கு வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“அந்தப் புல்லு வேரோட வரல பாரு” என்றார்.

டிரைவர் மாமாவுக்கு நான் பயந்துவிட்டேன் என்று அப்பா நினைத்திருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அல்லது, தான் பழக்கிவிட்டதைத்தான் பிள்ளை செய்தது என்று நினைத்தாரோ. அவ்வளவு நாளும் இறங்கு இறங்கு என்று இறங்கிக் காட்டிவிட்டு, அந்த ஒருநாள் மட்டும் அவர் ஏன் இறங்கவில்லை என்று சொன்னார்? மாத்தா-மாத்தா ராஜா ரோடு என்று சொன்னதாலா? கை முறிந்த கோபத்தாலா? என்னிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே எனக்குத் தெரியும் என்று நம்பிவிட்டார் போலும்.

பெல் மூடியை ரொம்ப நாள் வைத்திருந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் லயத்தை விட்டு ஓடியபோது எங்கேயோ விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். மழைக்காலம் போய், மரங்கள் இலை உதிர்த்து, காட்டுக்குள் வெளிச்சம் வந்திருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் ரெங்கத்துக்கு நடந்து போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அதே செம்மண் ஏற்றம். பின்னால் சத்தம் கேட்டது.

“என்ன வண்டிடா?” என்றார். பழைய பழக்கம்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். காய்ந்த இலைகள் காலடியில் நொறுங்கின. தையல் மிஷினா, இருமலா, எதுவும் பிடிபடவில்லை. மறுபடி தப்பாகச் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

“தெரியலப்பா.”

“தெரியலன்னா நட.”

ஹார்ன் கேட்டது. நான் ரோட்டை விட்டுப் புல்லில் இறங்கிவிட்டேன். துண்டு கைக்கு வந்துவிட்டது. தலை தானாகக் குனிந்துகொண்டது. அப்பா இடது ஓரத்தில் நடந்துகொண்டே இருந்தார், வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. இரண்டாவது ஹார்ன். பிறகு வண்டி வேகம் குறைந்து, அவரைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. அது யாருடையது என்று நான் பார்க்கவில்லை. குனிந்திருந்தேன்.

நிமிர்ந்தபோது தூசிக்குள் அப்பா ஏற்றத்தின் உச்சிக்குப் போய்விட்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. வளைந்து கூடிய கையை மட்டும் பின்பக்கமாக நீட்டி அசைத்தார். அந்தக் கை இருந்த இருப்பில், அது என்னை வா என்கிறதா, அங்கேயே நில் என்கிறதா என்று தெரியவில்லை. நான் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் ஏறி ஓடினேன்.